மாண்டரின் மீன் ஏன் சாப்பிடவில்லை

பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், பவளப்பாறை மீன் என்ன சாப்பிடும்?"

பாசி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இன்று காலை என் வீட்டுத் தொட்டியில் மாண்டரின் மீன் செத்துக் கிடந்தது. விரல் நீளம்தான், நீல உடம்பில் ஆரஞ்சு நெளிவுகள். மூன்று வாரமாக நான் போட்ட தீனியை அது தொடவே இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. வலையில் எடுத்தேன், பூந்தொட்டியில் புதைத்தேன், கை கழுவினேன்.

பிரிக்காமல் மிச்சமிருந்த இரண்டாவது தீனி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க, கிள்ளானில் அதை வாங்கிய வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் கடைக்காரரிடம் அதே வகை மீனைக் காட்டி, "இதக் குடுங்க பாஸ், நேத்துதான் தொட்டி வாங்கினேன்" என்றார்.

"பாஸ், முதல்ல அதுக்குத் தீனி போடுங்க, பார்ப்போம்" என்றேன்.

போட்டார். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புரட்டாசி மாசம் சார், அதுவும் விரதம் போல லா!" என்று சிரித்தார் கடைக்காரர்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஏன் அங்கிள் சாப்பிடல?"

"பாறைக் கல்லுல ஊருற பொடிப் பொடி உயிர்களத்தான் இது நாள் முழுக்கக் கொத்தித் தின்னும்மா. சோத்த ஒவ்வொரு பருக்கையா பொறுக்கித் தின்னு வயிறு நிரப்புற மாதிரி. புதுத் தொட்டியில அதெல்லாம் இருக்காது."

"எப்படித் தெரியும்?"

"என்னோடது காலையில செத்துப்போச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்."

அவர் வாங்காமல் போய்விட்டார். மீன் இன்னும் கடையில்தான் இருக்கிறது. டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மீன் வாங்கப் போனால் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். அது சாப்பிட்ட பிறகு வாங்குங்கள்.