நின்ற பிறகு வந்த மூன்று நாள்

எனக்கு எழுபத்து நாலு வயதாகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றவர்கள்; ஒருத்தன் என் கொழுந்தனாரின் தாயில்லாப் பிள்ளை. ஒருவரையும் பசியோடு தூங்க விட்டதில்லை. என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டுவேன், இவ்வளவு நீளம் எழுதக் கை வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இது அவளுடைய அம்மாவைப் பற்றியது.

அவள் என் மூத்த மகள். ஐம்பத்தொரு வயது. பிள்ளையார்பாளையத்தில் நானும் அவள் குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளும் மருமகனும் பட்டு நெய்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தீட்டு நின்றது. நின்றதும் சூடு பிடித்துக்கொண்டது. இருந்தாற்போல் நெஞ்சிலிருந்து நெருப்பு மாதிரி ஏறும், முகம் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் ரவிக்கை தொப்பலாகிவிடும்.

தறி இருக்கும் அறையில் நாங்கள் மின்விசிறி போடுவதில்லை. காற்றடித்தால் பட்டு இழை உலர்ந்து அறுந்துபோகும். அந்தப் புழுக்கத்தில், தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, வியர்வை சொட்டாமல் நெய்ய வேண்டும். இளநிறப் புடவையில் ஒரு சொட்டு விழுந்தால் கறை போகாது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். பிறகு நெற்றியிலும் ஒன்று கட்டிக்கொண்டாள். கடைசியில் மருமகன் முதலாளியிடம் சொல்லி, அழுத்தமான நிறத்துப் பட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்தார்.

அவளுக்குத் தூக்கமும் போயிற்று. பகலெல்லாம் எரிந்து விழுவாள். சோற்றில் கை வைத்தபடியே அழுவாள். எதற்கடி என்றால், தெரியலைம்மா என்பாள்.

எனக்கும் இதெல்லாம் வந்ததுதான். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு வருஷங்களை ஓட்டினேன். அதில் எனக்கு ஒரு பெருமை கூட உண்டு. ஆனால் அவளைப் பார்த்து, நான் தாங்கினேன் நீயும் தாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பங்குனித் திருவிழாவுக்குச் சற்று முன்பு அவளுக்கு மறுபடியும் மூன்று நாள் பட்டது. அந்த நாட்களில் நாங்கள் தறியைத் தொடுவதில்லை. தறி எங்களுக்குச் சாமி. அவள் பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா? மாமனக் கூப்ட்டு பச்ச ஓல கட்டச் சொல்லட்டா?”

“சீர்த்தட்ட நீ தூக்கிக்கினு வாடி. நான் ரெடியாத்தான் உக்காந்துக்கினு இருக்குறேன்.”

நானும் சிரித்தேன். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அவள் தறிக்குப் போனாள். எங்களுக்கு அது தீட்டு; குளித்தால் போய்விடும். நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவளுக்கு ஏன் வந்தது என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்னையில் இருக்கும் என் சின்ன மருமகள்தான் ஹார்மோன் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய அக்கா சாப்பிடுகிறாளாம், சூடு அடங்கி நன்றாகத் தூங்குகிறாளாம். என் மகள் அந்த மாத்திரைக்காகத் தவமாய்த் தவமிருந்தாள். எப்போது போகலாம், எப்போது போகலாம் என்று ஒரே நச்சரிப்பு. நான், அவள், மருமகன் மூன்று பேரும் பெண் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா பொறுமைசாலி. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்.

“உங்க வயசுக்கு, நின்னு கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சா, நிறைய பேருக்கு நல்லதுதான் ஜாஸ்தி. சூடு அடங்கும், தூக்கம் வரும், எலும்புக்கும் பலம். ஆனா கர்ப்பப்பை இருக்குறதால ரெண்டு ஹார்மோனும் சேர்த்துத்தான் குடுக்கணும். ஒண்ணு மட்டும் குடுத்தா உள்தோல் தடிச்சிடும். கால்ல ரத்தம் கட்டுறது கொஞ்சம் பேருக்கு வரலாம். வருஷக்கணக்கா எடுத்தா மார்புல கட்டி வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதான் ஒவ்வொருத்தருக்கும் பார்த்துப் பார்த்துக் குடுக்கறோம்.”

“எனக்குக் குடுங்கம்மா. தூக்கம் வந்தாப் போதும்,” என்றாள் மகள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

டாக்டரம்மா கேள்வி கேட்டார். வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி உண்டா? இல்லை. காலில் ரத்தக்கட்டு? இல்லை. நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா?

“இல்லைங்கம்மா.”

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதிரில் நான் தீட்டு என்ற சொல்லைச் சொன்னதில்லை. அவர் இருக்கும் கூடத்தில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்: “பட்டுச்சும்மா. பங்குனில மூணு நாளு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மருமகன் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது.

“எங்கிருந்து ரத்தம் வந்துதுன்னு தெரியாம நான் ஹார்மோன ஆரம்பிக்கவே கூடாது. மொதல்ல அதப் பார்த்துடலாம்,” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். “உன்னக் கேட்டாங்களா? உன் வாய வெச்சுக்கினு சும்மா இருக்க முடியலையா?”

அவள் மறைத்தாளா, அல்லது தீட்டு வேறு, டாக்டர் கேட்கும் ரத்தம் வேறு என்று நினைத்தாளா? நான் கேட்டதில்லை. கேட்கப் போவதுமில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள்ளிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. ஆரம்பம்தான், பரவவில்லை என்றார்கள். சென்னைக்குக் கூட்டிப்போய்க் கர்ப்பப்பையை எடுத்தார்கள். என் மகள் பிழைத்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கடவுள் புண்ணியம் என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

தையல் ஆறிய பிறகு அவள் டாக்டரம்மாவிடம் மறுபடியும் அதையேதான் கேட்டாள். கர்ப்பப்பைதான் இல்லையே, இப்போதாவது அந்த மாத்திரையைக் கொடுக்கலாமே என்று. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த நோய் வந்த உடம்புக்கு இப்போது ஹார்மோன் கொடுக்கத் தனக்குத் துணிவில்லை என்றார். வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான்.

போன வாரம் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். பிடரியெல்லாம் ஈரம். முந்தானையால் துடைத்தேன்.

“அம்மா,” என்றாள். “அன்னிக்கி நீ சொல்லாம இருந்திருந்தா, கொஞ்ச நாளாவது நான் நல்லா தூங்கியிருப்பேன் இல்ல?”

கோபமில்லாமல்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூங்கியிருப்பாய், அப்புறம் நீ எனக்கு இருந்திருக்க மாட்டாய் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எத்தனையோ நாளாகத் தூங்காதவளிடம் அதை எப்படிச் சொல்வது? சீப்பில் சிக்கிய முடியை எடுத்தேன்.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“ஆயா, அந்த மூணு நாள் மேட்டர் வேணாம் ஆயா. அம்மா படிச்சா திட்டும்.”

“திட்டட்டும். நாளைக்கி உன்னியும் ஒரு டாக்டரு கேப்பாங்க, உங்க வீட்ல யாருக்கு இன்னா வந்துதுன்னு. இன்னா சொல்லுவ?”

அவள் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“கைய எடும்மா. நான் ரத்தம்னு சொன்ன எடத்துல ரத்தம்னே எழுதியிருக்கியா, இல்ல ஒடம்புக்கு முடியலன்னு எழுதி வெச்சிருக்கியா? எனக்குத் தெரியணும். மொதல்லருந்து படி, கேக்குறேன்.”