பதினான்காம் எண் ஸ்டிக்கர்

ஆஸ்பத்திரியில் அவரை பாஷி மும்பா என்றால்தான் தெரியும், மும்பாவின் அப்பா என்று. கங்வா என்ற சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ண்டோலா நகரத்தின் அந்த ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. கொதிகலன், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கட்டில் சக்கரம் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். ஒரு நர்ஸ் ஜன்னல் வழியே கூப்பிட்டால் போதும், ஸ்பானரோடு வந்து நிற்பார்.

வேலைச் சீட்டு போனுக்குள் போன பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணும் ஒரு ஸ்டிக்கரும் உண்டு. நர்ஸ் ஸ்டிக்கரைப் படம்பிடித்துக் குறையை எழுதினால் கங்வாவின் போன் துடிக்கும். முடித்த வேலை பச்சை, தாமதமானது சிவப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் சில்வாம்பா சிவப்புகளைத் திரையில் காட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் படிப்பார்.

"ஏணியில ஏறுற வேகத்துல பாதி இந்தப் போன்ல இருந்தா, நீங்க எப்பவோ மேனேஜர்" என்று கூட வேலை செய்பவர்கள் கங்வாவைச் சீண்டுவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் ஒன்றில் மட்டும் விரல் நன்றாகப் பழகிவிட்டது. ஒரே குறையை மூன்று நர்சுகள் மூன்று தடவை எழுதுவார்கள். 'ஏற்கெனவே உள்ளது' என்று தட்டினால் அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கண்ணாடி போடாமலே தட்டுவார்.

பச்சிளங்குழந்தை வார்டில் சூடு கொடுக்கும் படுக்கை ஒன்று கெட்டது. அதன் எண் பதினான்கு. உதிரிபாகம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வர வேண்டியிருந்ததால் சீட்டு சிவப்பிலேயே கிடந்தது. கங்வா கிடங்கில் தூசி படிந்திருந்த பழைய படுக்கையைச் சரிசெய்து தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பட்டியலில் எண் இல்லை. புது எண்ணுக்குத் தலைநகர் லுசாகாவிலிருந்து கையெழுத்து வர ஒரு மாதம் ஆகும். எண் இல்லாத கருவிக்கு யாரும் சீட்டு எழுதவும் முடியாது. பராமரிப்புப் பிரிவில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். பதினான்கின் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி இந்தப் படுக்கையில் ஒட்டினார். தலைமை நர்ஸ் நகாம்பா கை தட்டினாள்.

பத்தாம் நாள், அவர் தொட்டி மேல் குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் துடித்தது. பதினான்காம் எண், சூடு வரவில்லை. உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் பழைய புகார்தான் என்று நினைத்து ஈரக் கட்டைவிரலால் 'ஏற்கெனவே உள்ளது' என்று தட்டினார். சீட்டு மறைந்தது.

சூடு நின்றிருந்தது அவர் கொண்டுபோய் வைத்த படுக்கையில். அதில் கிடந்தது கசூபா என்ற பெண்ணின் முதல் பிள்ளை, பிறந்து நான்கு நாள். அன்று மாலைக்குள் இறந்துபோனது.

சாவுக்குக் காரணம் எடை குறைவு என்று கோப்பில் எழுதினார்கள். கங்வா சில்வாம்பாவின் அறைக்குப் போய், அந்தச் சீட்டைத் தான்தான் தள்ளிவிட்டதாகச் சொன்னார். சில்வாம்பா எழுந்து கதவைச் சாத்தினார்.

"பட்டியல்ல உங்க பேர்ல ஒண்ணும் இல்ல, பாஷி மும்பா. பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தான். வாயத் தொறக்காதீங்க."

இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நகாம்பா அவரிடம் ஒன்று சொன்னாள். பிள்ளை குளிரில் கிடக்க நிஷிமாக் களி தின்னப் போனவள் என்று மாமியார் வீட்டில் கசூபாவோடு யாரும் பேசுவதில்லையாம். துக்கம் முடிந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்களாம்.

சனிக்கிழமை அவர் சிஃபுபு பகுதியில் இருந்த அந்த மாமியார் வீட்டுக்குப் போனார். அத்தனை சின்னக் குழந்தையின் சாவுக்குப் பெண்கள்தான் உட்காருவார்கள். வாசலில் ஆண் ஒருவர் வந்து நின்றதும் பேச்சு நின்றது. கசூபா சுவரோரமாக, பாய் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கங்வா மாமியாரிடம் சொன்னார். "உங்க மருமக மேல தப்பு இல்லம்மா. படுக்கையில சூடு நின்னுபோச்சு. நர்ஸ் எழுதினாங்க. நான்தான் பாக்காம தள்ளிவிட்டேன். தப்பான நம்பர ஒட்டினதும் நான்தான்."

மாமியார் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். கசூபா நிமிர்ந்தாள்.

"எத்தன மணிக்கு எழுதினாங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறைந்த சீட்டுகளைப் போனில் தேடினார். "ரெண்டு பத்து."

"ரெண்டேகாலுக்கு நான் சாப்பிட்டு வந்துட்டேன். தொட்டா சில்லுனு இருந்தான். எழுதியாச்சு, ஆள் வர்றாருன்னு நர்ஸ் சொன்னாங்க. நாலு மணி வரைக்கும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்." அவள் குரல் உயரவேயில்லை. "வரவேண்டியவர் நீங்கதானாப்பா?"

"நான்தான்மா."

மாமியார் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியான இடத்தைக் கையால் தட்டினாள். கசூபா அங்கே போய்ப் படுத்துக்கொண்டாள். கங்வாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.