இன்னொரு பிள்ளையைக் காட்டும் என்று கேட்டேன்

பிரியமானவர்களே, சுகம் பெற்றவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் நான் இன்று இந்தச் சபையில் எழுந்து நின்றிருக்கவே கூடாது. என் மகள் பிரின்சி சுகமாகவில்லை. ஆனாலும் என் ஜெபம் ஒன்றுக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார். கசப்பான பதில்.

பிரின்சிக்கு அப்போது பதினோரு வயது. சித்திரை வெயிலில் பள்ளியிலிருந்து நடந்து வந்தவள், வலது கண்ணில் புகை மூட்டமாக இருக்கிறது என்றாள். இந்தச் சுரங்க ஊரில் கண்ணில் தூசி விழுவது புதிதா? தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் அந்தக் கண்ணுக்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியவில்லை. கண்ணாடி போட்டோம். பார்வை பாதிதான் திரும்பியது. மழைக்காலத்தில் கால் மரத்துப்போய், குவார்ட்டர்ஸ் படியில் விழுந்தாள். வெயிலில் நின்றால் கண் மங்கும், நிழலில் உட்கார்ந்தால் தெளியும். வகுப்பு ஆசிரியை, பிள்ளை நடிக்கிறாள் என்றார்.

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடுமாம். முழுதாகக் குணமாக்க மருந்து கிடையாது, அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போட ஊசி உண்டு. பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல்தான் தொடங்கும், உலகம் முழுக்கப் பார்த்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம் என்றார்.

அபூர்வம். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. உலகத்தில் எத்தனை கோடிப் பிள்ளைகள். அத்தனை பேரையும் தாண்டி, மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற என் கணவரின் வீட்டை அது தேடிக் கண்டுபிடித்திருக்கிறது.

நீங்களும் வந்தீர்கள், ஜெபித்தீர்கள். நன்றி. ஆனால் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல ஏதாவது மறைவான பாவம் இருக்கான்னு பாருங்க சிஸ்டர்" என்றார். பிரின்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டாள். அன்றோடு என் ஜெபம் நின்றுபோனது.

ஒரு நாள் என் கணவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அடுப்படியில் நின்றபடியே ஆண்டவரோடு சண்டை போட்டேன். சுகம் கேட்டு வாய் வறண்டுவிட்டது, இனி அதைக் கேட்க மாட்டேன், இந்த நோயுள்ள இன்னொரு பிள்ளை எங்கேயாவது இருந்தால் அதை மட்டும் எனக்குக் காட்டும் என்றேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது, வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஊசி மருந்து சூடாகாமல் இருக்க நாங்கள் கொண்டுபோவது போலவே அவர் மடியிலும் ஒரு தெர்மாகோல் பெட்டி. பெயர் அம்சவல்லி, சேத்தியாத்தோப்பு. அவர் மகள் கோகிலா, பிளஸ் டூ படிக்கிற பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். பத்து வயதில் தொடங்கியதாம். அவள் கால் இழுத்து இழுத்து வருவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எந்தத் தாய்க்கும் வர வேண்டாம். முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நான் கேட்டதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்சவல்லி கோபப்படவில்லை. "நானும் மாரியாத்தாகிட்ட அதையேதாங்க கேட்டுக்கினு இருந்தேன்" என்றார்.

பிரின்சி நடிக்கிறாள் என்று பள்ளியில் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். வெயிலில் கண் மங்குவது நடிப்பில்லை, சூடு ஏறினால் இந்த நோயில் அப்படித்தான் என்றார். "ஈரத்துணிய கழுத்துல போட்டு நெழல்ல உக்கார வைங்க. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். பயந்துக்காதீங்க." டாக்டரைக் கேட்டேன், உண்மைதான் என்று எழுதியே கொடுத்தார். அதை ஆசிரியையிடம் காட்டினேன். இப்போது பிரின்சிக்கு வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம். அவளும் கோகிலாவும் போனில் பேசிச் சிரிக்கிறார்கள். இந்த நோயோடு ஒருத்தி பிளஸ் டூ வரை வந்திருக்கிறாள் என்று என் மகள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

போன மாதம் பிரின்சிக்கு மறுபடியும் ஒரு தாக்குதல். இடது கை சரியாகப் பிடிக்கவில்லை. ஆண்டவரிடம் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு ஜெபிப்பதை விட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது நாவில் துதி வரவில்லை என்றால், கோபத்தையே கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். அவர் கேட்கிறார். என் கோபத்தையும் கேட்டார்.

ஒரே ஒரு விண்ணப்பம். பிரின்சிக்காக ஜெபிக்கும்போது கோகிலாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேத்தியாத்தோப்பில் அம்சவல்லி என் மகள் பெயரையும் சொல்லித்தான் விளக்கேற்றுகிறார்.