மாப்பிள்ளைக் கடிகாரம்

காலை ஒன்பது இருபதுக்கு மஸ்கெலியா கோயில் மண்டபத்தில், மணவறையில் உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது அண்ணன் கையிலிருந்த கடிகாரப் பெட்டி. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அண்ணன் கடிகாரம் கட்டுவது எங்கள் வழக்கம்.

அதை அட்டன் கடையில் நாங்கள் இருவரும்தான் தேர்ந்தெடுத்தோம். பழைய காலத்து எண்கோண முகம், நீல டயல். முகத்திலிருந்தே ஸ்டீல் பட்டி இடைவெளியில்லாமல் இறங்கும். வேறு பட்டி மாட்டவே முடியாது. அந்த அழகுக்குத்தான் மயங்கினோம். தொளதொளவென்று இருக்கக் கூடாதே என்று அண்ணன் தன் கையில் அளவு பார்த்து, "மாப்பிள்ளையும் என் சைஸ்தான்" என்று இரண்டு கண்ணிகளைக் கழற்றச் சொன்னார்.

மணவறையில் அண்ணன் அதை மாப்பிள்ளை கையில் கட்டியபோது கொக்கி பூட்டவில்லை. வெளியே மழைக்குளிர், அண்ணன் கழுத்தில் வியர்வை.

"ஆம்பளைக்கு வாங்குனீங்களா, பொம்பளைக்கு வாங்குனீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கண்ணி கடையிலதான் இருக்குங்க மச்சான். நாளைக்கே போட்டுத் தாரேன்" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை கடிகாரத்தை உருவி, அண்ணனின் கையைப் பிடித்து மாட்டினார். கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா, மச்சான் தனக்குத்தான் வாங்கியிருக்காரு!" என்றார் எல்லோரையும் பார்த்து.

மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். நான் தலையைக் குனிந்தேன்.