அத்தானுக்குப் போட்ட இரட்டை வயர்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பேர். டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் பயணியின் முகத்தையும் பார்ப்பார். ஒழுங்காக டிக்கெட் எடுத்தவனுக்கே உள்ளங்கை வியர்த்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு பஸ்தான் போனது, பார்வை போகவில்லை. பால் பாக்கெட்டைத் தராசில் வைப்பார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் மழை பெய்வதையே ஒத்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு நான் வயர் விற்றேன். என் கெட்ட நேரம். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் சாமான் விற்கும் சின்னக் கடை எனக்கு. பாட்டென்றால் அக்காவுக்கு உயிர் என்று, அவளுக்காக அத்தான் ஒரு செட் வாங்கி ஹாலில் வைத்திருந்தார். அக்கா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பாட்டு கேக்குது. வார்த்தைதான் புரியல."

அத்தான் வயரைச் சந்தேகப்பட்டார். அதில் நியாயமும் இருந்தது. ஹாலின் ஒரு கோடியில் ஆம்ப்ளிஃபயர், மறுகோடியில் ஸ்பீக்கர்கள், நடுவே சுவரோரமாகச் சுற்றிப் போகும் வயர் நூல் மாதிரி மெலிசு. மெலிந்த வயர் நீளமாகவும் இருந்தால் மின்சாரம் திணறும், டிரம்ஸ் சத்தம் தொளதொளத்துப் போகும். அதனால் என் கடையிலிருந்து தடித்த வயரைக் கொண்டுபோய் மாட்டினேன். டிரம்ஸ் நன்றாக இறுகிக் கேட்டது.

"வார்த்தை இன்னும் புரியலடா" என்றாள் அக்கா.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், இது அசல் செம்புதானா?"

"சத்தியமா செம்புதான் அத்தான்."

"டிக்கெட் எடுத்தவன் சத்தியம் பண்ண மாட்டான்."

சொன்னதோடு விட்டாரா? வயரின் நுனியை வெட்டி பிளேடால் சுரண்டினார். அலுமினியத்துக்குச் செம்பு பூசி விற்கிறவர்கள் உண்டு, சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். என் வயர் சிவப்பாகவே இருந்தது. அதற்கும் அவர் அசரவில்லை. நுனியில் மட்டும் நல்லதை வைத்து நடுவில் கலந்திருப்பேனாம்! மறுபடி வெட்டினார், மறுபடி சுரண்டினார். அவர் வெட்ட வெட்ட வயர் குட்டையாகி, ஸ்பீக்கர்கள் மூலையை விட்டு நடு ஹாலுக்கே வந்துவிட்டன.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவள் வீட்டிலேயே போலிச் சரக்கை விற்றவன் என்று பேர் வாங்கிவிட்டு, அந்த வாசற்படியை எந்த முகத்தோடு மிதிப்பேன்?

கடைசியாக இரட்டை வயர் போட்டுப் பார்ப்போம் என்றேன். அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு ஜோடி இணைப்பு உண்டு. கீழ் ஜோடி கனத்த சத்தத்துக்கு, மேல் ஜோடி மெல்லிய கூர்மையான சத்தத்துக்கு, பாட்டில் வார்த்தை தெளிவது அதில்தான். இரண்டையும் சேர்த்திருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டுத் தனித்தனி வயர் கொடுக்கலாம். உள்ளதைச் சொன்னால் அதனால் பெரிய வித்தியாசம் வராது, நல்ல ஒற்றை வயரே போதும். ஆனால் அத்தானின் சந்தேகத்துக்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

புது வயர் கொண்டுபோய், ஸ்பீக்கர்களை மூலைக்குத் தள்ளி மாட்டினேன். "ஆகா, இப்பதான் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கு!" என்றாள் அக்கா. என் வயிற்றில் பால் வார்த்தாள். அத்தானோ டிக்கெட்டைப் பார்ப்பது போல அவள் முகத்தைப் பார்த்தார். தம்பியைக் காப்பாற்ற அக்கா பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "வயரை மாத்திப் போடறேன், கேட்டுச் சொல்லு" என்று ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பாட்டு வந்தது. எனக்குப் பகீரென்றது. போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல இருந்தது, வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அக்காவுக்கு ஜாடை காட்டலாமென்றால் அத்தான் கண்கொத்திப் பாம்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சிரித்த முகமாகச் சொன்னாள். "இதுதான் எல்லாத்துலயும் ஒசத்தி. வார்த்தை கண்ணாடி மாதிரி இருக்கு."

அத்தான் கழற்றிய வயர்களைத் தூக்கிக் காட்டினார். "மாட்டினியா! மேல் வயர் ரெண்டும் என் கையில இருக்கு. உனக்கு மட்டும் வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு? தம்பிக்காகத்தானே பொய் சொல்ற?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"தம்பிக்காக இல்லீங்க. நீங்க எந்த வயரைப் போட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது. முதல்ல செட்டுதான் சரியில்லன்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது. நீங்க பேசறதையே உதட்டைப் பாத்துத்தான் பாதி தெரிஞ்சுக்கறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? வேலைக்குப் பயந்து செவிடு மாதிரி நடிக்கறேன்னு சொல்லியிருப்பீங்க."

என் வயர் அசல்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷமே இல்லை. அத்தான் ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்தபடி, "நம்பறேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாட்டை நிறுத்தினார். அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முகம் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து, அதையே இன்னொரு தடவை சொன்னார்.