வெறுங்கையோடு நடப்பது

எனக்கு இடுப்பில் நாரி என்று ஒன்று இருப்பதே மகள் பிறந்து அது நோகத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு இரண்டு வயதானபோது, குனிந்தால் நிமிர முடியாத அளவுக்கு அந்த இடுப்பு வலியும் வளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ் என்னைப் பாயில் நாலு காலில் நிற்கவைத்து முதுகை வளைக்கப் பழக்கினார்.

"ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. கையை வீசி நடக்கவேணும். பிள்ளையை இப்ப தூக்காதையுங்கோ. ஆறு கிழமை, ஒண்டரை மாதம் போகட்டும், பாப்பம்."

மகள் இரண்டு கைகளையும் உயர்த்தி, "தூக்குங்கோ அம்மா" என்பாள். நான் அலுமாரியில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொள்வேன். அதற்காகவேனும் நடக்க வேண்டியிருந்தது.

ஆனால் எங்கள் ஊரான இணுவிலில் ஒரு பெண் காரணமில்லாமல் நடக்க முடியாது. கோயிலுக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், செத்தவீட்டுக்குப் போகலாம். முதல் நாள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியதுமே முன்வீட்டு அன்ரி தன் வாசல் படலையில் நின்றார்.

"எங்கை பிள்ளை வெளிக்கிட்டாச்சு?"

"சும்மா நடக்கிறன் அன்ரி."

"சும்மாவோ?" குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

சந்தியில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கோ தங்கச்சி, கொண்டுபோய் விடுறன்" என்றார். எங்கே என்று அவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல இடமில்லை. வேண்டாம் என்றதில் அவருக்குக் கோபம்.

அன்றிரவு யோசித்தேன். அன்ரி சொன்னதில் தவறென்ன? நான்தான் முறையில்லாமல் நடக்கிறேனோ? படித்த பெண் அல்லவா, புத்தியான வழி ஒன்று கண்டுபிடித்தேன். மறுநாள் கையில் சந்தைப் பையோடு புறப்பட்டேன். ஊர் நிம்மதியடைந்தது.

"சந்தைக்கோ? அப்ப எனக்கும் ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிவாரும்" என்றார் அன்ரி. கணவரின் தாயான மாமி, "போறது போறீர், பூசணிக்காயிலை ஒரு பாதி" என்றார். ஐந்து பிள்ளை பெற்றும் தான் ஒருநாளும் நடைப்பயிற்சி செய்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

வெறும் பையோடு திரும்பினால் பொய் வெளிப்பட்டுவிடுமே. ஆகவே ஒவ்வொரு நாளும் நிரப்பிக்கொண்டே வந்தேன். வீட்டில் வெங்காயம் முளைக்கத் தொடங்கியது.

மூன்றாம் கிழமை கட்டிலிலிருந்து எழும்பவே முடியவில்லை. கணவர் ஓட்டோ பிடித்து மிஸ்ஸிடம் கூட்டிப்போனார்.

"என்ன தூக்கினனீங்கள்?"

"பிள்ளையைத் தொடவேயில்லை மிஸ்."

"நான் கேட்டது வேறை."

"வெங்காயம். கொஞ்சம் பூசணிக்காய்."

"எத்தினை கிலோ?"

சொன்னேன். மிஸ் பேனாவை மேசையில் வைத்தார். "மகளைத் தூக்கவேணும் எண்டு வந்து அழுதது நீங்கள்தானே? அவளை நிலத்திலை விட்டிட்டு முன்வீட்டுக்காரியின்ரை சமையலைத் தூக்கித் திரிஞ்சிருக்கிறியள். இண்டையிலிருந்து திரும்ப ஆறு கிழமை."

வலியைவிட அயலவரின் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயந்திருந்தேன்.

மறுபடி நடந்தேன், கையை வீசி. "சந்தைக்கில்லையோ?" என்றார் அன்ரி. "இல்லை அன்ரி, நாரி நோவுக்கு நடக்கிறன்." அவர் நம்பவில்லை. நான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளிக்கிடுவதாகவும், பாதி வழியில் மனம் மாறித் திரும்புவதாகவும் அவர் சொல்லித் திரிந்த கதை கணவர் வேலை செய்யும் கந்தோர்வரை போனது. "கோவத்தை அரை மணித்தியாலத்துக்கு மேலை இழுக்காதையும்" என்றார் கணவர். மறுக்கப் போனால் நின்று கதைக்க வேண்டும். நின்றால் பயிற்சி கெடும். நடந்தேன்.

ஆறு கிழமை முடிந்து மிஸ் சம்மதித்த அன்று வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கைகளை உயர்த்தவில்லை. கேட்பதை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

முழங்காலை மடக்கி, அவளை நெஞ்சோடு அணைத்து, மெதுவாக எழும்பினேன். நாரி பொறுத்துக்கொண்டது. அவள் பொறுக்கவில்லை, காலை உதறினாள்.

"இறக்கி விடுங்கோ அம்மா. எனக்கு வேலை இருக்கு."

"கொஞ்சம் பொறும்" என்று சொல்லி, இறக்காமல் நின்றேன்.