பிள்ளையாருக்கு அடியில் இருந்த திறப்பு

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா. நான் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக முழு உண்மையைச் சொன்ன அன்றே என்னோடு கதைப்பதை நிறுத்தியவரும் அவர்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, மண்டை அப்படி.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷிப்ட் வேலை. பள்ளி விடுமுறை, சனி ஞாயிறு என்றால் என்னை லண்டன் கிங்ஸ்பரியில் அப்பாவின் அக்கா வீட்டில் இறக்கிவிடுவார்கள். அந்த மாமியின் கணவர்தான் மாமா. அவரிடம் லைசென்ஸ் உள்ள துவக்கு ஒன்று இருந்தது. ஒற்றைக் குழல்; ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. அந்தத் தோட்டாவுக்குள் சிதறிப் போகும் சன்னங்கள் இல்லை, கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு ஈயக் குண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே ஒரு கிளப்புக்குப் போய்க் கடதாசி வட்டங்களைச் சுட்டுவிட்டு வருவார்.

"உடையிறதுக்கு இதில என்ன இருக்கு? ஒரு குழல், ஒரு பிணைச்சல், ஒரு விசை. நாங்கள் எல்லாம் போன பிறகும் இது கிடக்கும்" என்பார்.

"அதுதானே எனக்குப் பயம்" என்று குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வரும்.

ஐம்பது யார் தூரத்தில் ஒரு சாணுக்குள் அடிப்பேன் என்பது மாமாவின் பேச்சு. அவர் கொண்டுவரும் கடதாசிகளில் வட்டம் பழுதில்லாமல் இருக்கும். ஓட்டைகள் மூலையில் கிடக்கும். துவக்கு நேராகத்தான் அடிக்கிறது, தன் தோள்தான் முந்திப் பயப்படுகிறது என்று விளக்கம் சொல்வார். பயப்படாதா பின்னே? துவக்கோ பாரமில்லாதது, குண்டோ பாரமானது; உதைப்பு முழுவதும் மாமாவுக்குத்தான். ஞாயிறு பின்னேரம் அவருடைய வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். கோயிலில் சாமி தூக்க இடது தோளைத்தான் கொடுப்பார். மாமி தைலம் பூசும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

"ஏன் மாமா உங்களுக்கு இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க ஊரில, சண்டை நேரம், துவக்கைக் கண்டு நான் ஓடினனான். இங்க அது என்ர பெட்டிக்குள்ள கிடக்குது. விளங்குதோ?"

"ஓம்" என்றேன். விளங்கவில்லை.

மாமி எதற்கும் பயப்படாதவர், கவுன்சில்காரரையே அழவைப்பவர் என்று எங்கள் குடும்பத்தில் பெயர். துப்புரவிலும் அவரை வெல்ல ஆளில்லை. நவம்பரில் ஊரெல்லாம் வாணவேடிக்கை பார்க்கும் மாலையில், அவர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, இரண்டு மணித்தியாலம் துப்புரவு செய்வார். வருடம் தவறாது.

அந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைப் பார்ப்பார். ஒரு விதி உண்டு: பெட்டியின் திறப்பு, அதாவது சாவி, எங்கே இருக்கிறது என்று மாமாவைத் தவிர வீட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் துவக்கு போய்விடும். இதை மாமா எங்களுக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தார்.

பொலிஸ்காரர் வந்தது ஆயுத பூசைக்கு மறுநாள். காலையிலேயே மாமி என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்குப் பிள்ளையாரை நீ துடை, ராசா. தூக்கி, அடியையும் வடிவாப் பார்த்துத் துடை."

அதுவரை சாமி அறை வாசலைத் தாண்டவே என்னை விடாதவர். நான் தூக்கினேன். அடியில் இருந்த குழிக்குள் ஒரு திறப்பு. மாமியைத் திரும்பிப் பார்த்தேன், அவர் பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு அந்தப் பொலிஸ்காரர் வந்தார். நல்ல மனிதர். என்னை அவருக்குப் பக்கத்திலேயே இருத்தி, இரண்டு பேருக்கும் வடை வைத்தார் மாமி. மாமா பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தார். அதன் கட்டையில் சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம். பொலிஸ்காரரின் வடை பாதி வழியில் நின்றது.

இது இரத்தமில்லை, ஹூவருக்கும் வைத்திருக்கிறோம் என்று மாமா பதறி, தூசி உறிஞ்சும் அந்த மெஷினை இழுத்துவந்து காட்டினார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டுப் பேனையை எடுத்தார். கடைசியாக ஒரு கேள்வி: திறப்பு எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்காவது தெரியுமா?

"கடவுளுக்கும் எனக்கும் மட்டும்" என்றார் மாமா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எனக்கும் தெரியும்!" என்று துள்ளி எழுந்தேன். சொன்னால் நம்பமாட்டார்களே என்று பிள்ளையாரைத் தூக்கிவந்து, அடிக்குழியைத் தொட்டும் காட்டினேன். ஐம்பது யாரில் மாமாவால் ஏலாததை நான் இரண்டு அடியில் செய்துவிட்டேன்: நேரே நடுவட்டம்.

பேனை மூடப்பட்டது. பின்னேரம் துவக்கு, பொட்டோடு, பொலிஸ் வாகனத்தில் போனது. மாமா வெறும் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"விசர்ப் பொடியன்" என்றார் என்னைப் பாராமலே.

"பிள்ளை உண்மையைத்தானே சொன்னது" என்ற மாமி, எனக்கு மட்டும் இன்னும் மூன்று வடை வைத்தார். ஒரே குற்றத்துக்குத் தண்டனையும் விருந்தும். நான் இரண்டையும் விழுங்கினேன்.

பத்து நாள் கழித்து வாணவேடிக்கை மாலை வந்தது. முதல் வெடிக்கே மாமி அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாமா டிவியை நிறுத்தினார். கதவடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானும் குனிந்து உள்ளே போனார். கதவு நிலையில் வலது தோள் இடிபட்டு "ஆ" என்றது கேட்டது. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

இத்தனை சின்ன இடத்தைத் துப்புரவாக்க இரண்டு பேர் எதற்கு? அதுவும் ஹூவர் வெளியே என் பக்கத்தில் நிற்க! மறந்துவிட்டார்கள் பாவம் என்று, அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன்.